இருங்காட்டுக்கோட்டைக்கு எந்த டயர்? பொங்கல் லீவில் டயர் தேடி அலைந்த அனுபவம்

சிங்கப்பூரில் வருஷா வருஷம் ஃபார்முலா ஒன் நடக்கிறது. ஆனால் சம்பளக்கார ஆசாமிகள் தங்கள் பைக்கை இறக்கி ஓட்ட அங்கே நிரந்தரமான பந்தயத் தடம் ஒன்றுகூடக் கிடையாது. ஜொகூர் பாலத்தைத் தாண்டி, மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடம் வரை போக வேண்டும். அதனால் பொங்கலுக்குத் தாம்பரம் வந்திறங்கியதும் சித்தி மகன், "அண்ணா, இருங்காட்டுக்கோட்டையில டிராக் டே இருக்கு. என் வண்டியிலேயே நீ ஒரு செஷன், நான் ஒரு செஷன் ஓட்டலாம்" என்றபோது வேறு யோசனையே வரவில்லை. அப்பாவுக்கு மட்டும் பந்தயம் என்றால் இன்னும் சோழவரம்தான். அந்தப் பழைய விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டுக்குப் பின்னால் நின்று பார்த்த கதையை எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் சொல்வார். இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இல் வந்தது, 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள் என்றால், "அதெல்லாம் நேத்து வந்தது" என்பார்.

வண்டி 2021 மாடல் அப்பாச்சி ஆர்ஆர் 310. கம்பெனியிலிருந்தே மிச்லின் ரோடு 5 போட்டு வந்தது. நல்ல டயர், மழையில் அசராது. ஆனால் தாம்பரத்துக்கும் சிறுசேரிக்கும் ஆபீஸ் ஓடியதில் பின் டயரின் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகிவிட்டது. நேராகப் போகும்போது தெரியாது. வளைவில் சாய்த்தால், அந்தத் தட்டை முடிந்து டயரின் ஓரப்பகுதியான தோள் தொடங்கும் இடத்தில் வண்டி சட்டென்று உள்ளே விழும். இதோடு தடத்தில் இறங்கக் கூடாது என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரே கருத்து. எதை வாங்குவது என்பதில்தான் சண்டை.

அவன் கண் பழைய ஸ்லிக் மேல். பந்தயக்காரர்கள் சில ஓட்டங்களில் கழற்றிப் போடும் வெட்டே இல்லாத வழுவழு டயர்கள் கைமாற்றில் கிடைக்கும். பார்க்கப் புதுசாக இருக்கும், விலையும் சல்லிசு. "ரேஸ்காரங்க போடுற டயருண்ணா, நமக்குப் பத்தாதா?" என்றான். பத்துமா என்பதல்ல விஷயம். ஒவ்வொரு முறை முழுசாகச் சூடேறி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் இறுகும். பந்தயத்துக்கான மிருதுக் கலவையில் இது சீக்கிரம் நடக்கும். ஆகவே கைமாற்று ஸ்லிக்கில் தடிமன் மிச்சமிருக்கும், பிடிப்பு போயிருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. இன்னொன்று, அந்த டயர் வேலை செய்ய நல்ல சூடு வேண்டும். பந்தயக்காரர்கள் வார்மர் போர்வை சுற்றிச் சூடேற்றிவிட்டுத்தான் இறங்குவார்கள். 34 குதிரைத்திறன் வண்டியில், நம் வேகத்தில், அந்தச் சூட்டை ஏற்றவும் கஷ்டம், ஏறினால் இறங்காமல் வைத்திருக்கவும் கஷ்டம். அதற்கு மேல், ஸ்லிக் போட்டு ரோட்டில் ஓட்டக் கூடாது. போக வர குட்டி யானை வாடகை பேச வேண்டும். சல்லிசு என்று நினைத்த டயரின் விலை அங்கேயே ஏறிவிடும்.

என் கட்சி, ரோட்டிலும் ஓடும் ஸ்போர்ட்ஸ் ரேடியல். இந்த வகையில் பெரும்பாலும் நடுவில் கெட்டியான ரப்பரும் தோள்களில் மிருதுவான ரப்பரும் வைத்துச் செய்கிறார்கள். ஆபீஸ் போகிற ஓட்டம் நடுப்பகுதியைத் தின்னும், தடம் தோள்களைத் தின்னும். இரண்டு வேலையும் செய்கிற வண்டிக்கு ஒரே ஜோடி போட்டால் டயர் முழுவதும் பயன்பட்டுத் தேயும். மாதம் ஒரு முறை தடத்துக்குப் போகிறவனுக்கு இந்தக் கணக்கு சரிவராது. வருஷத்தில் ஓரிரு நாள் இறங்கி, மற்ற நாளெல்லாம் ஓஎம்ஆர் டிராஃபிக்கில் நிற்பவனுக்கு இதைவிடச் சிக்கனம் கிடையாது.

அடுத்தது எந்த கம்பெனி என்ற கேள்வி. பிரெல்லி டயாப்லோ ரோசோ வரிசை மேல் எனக்கு ஒரு பழைய பாசம் உண்டு. ஆனால் 2020 ஜூனில் டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். உரிமம் வாங்கித்தான் கொண்டுவர வேண்டும். எனவே வெளிநாட்டு டயரில் நமக்கு வேண்டிய அளவு வேண்டிய நேரத்தில் கிடைக்கும் என்று நம்பி உட்கார முடியாது. கிடைத்தாலும் அது எப்போது செய்த சரக்கு என்று பார்க்க வேண்டும். உள்ளூரில் டிவிஎஸ் யூரோகிரிப்பின் புரோடார்க் எக்ஸ்ட்ரீம் இருக்கிறது. மதுரைக்காரர்கள் கம்பெனி, சிஎஸ்கே சட்டையில் பார்த்திருப்பீர்கள். இந்த வண்டிக்கு வேண்டிய 17 அங்குல அளவுகள், முன்னால் 110/70, பின்னால் 150/60, இரண்டும் அதில் வருகிறது. நாங்கள் விசாரித்த அன்று வெளிநாட்டு ஜோடியின் விலையில் ஏறக்குறைய பாதிதான். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. பழைய விலையையே சொல்லும் கடையில் இதை நினைவுபடுத்தத் தயங்காதீர்கள்.

அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் வேகக் குறியையும் பாருங்கள். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர், வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270 வரை தாங்கும் என்று அர்த்தம். இந்த வண்டி 200ஐ எட்டிப் பிடிக்காது. டபிள்யூ என்பதற்காகவே கூடுதல் காசு கொடுப்பது வீண்.

யூரோகிரிப்தான் என்ற தீர்மானம் சுலபமாக முடிந்தது, வாங்கியது அப்படி இல்லை. முதலில் போனது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடைக்கு. டயரை எடுத்துப் போட்டார்கள், பளபளவென்று இருந்தது. பக்கச்சுவரில் பாலிஷ் தேய்த்திருந்தார்கள். ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருஷத்தையும் சொல்லும். முன் டயரில் 2222, அதாவது 2022ஆம் வருஷம் 22ஆவது வாரம். பின் டயரில் அதைவிடப் பழசு. "இது பழைய சரக்காச்சே அண்ணே" என்றதற்கு, "ரப்பர்தானே சார், ஊசியா போகும்?" என்றார் கடைக்காரர். ஊசிப்போகாதுதான். ஓட்டாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகும், அதுவும் தகரக் கூரைக்கு அடியில் சென்னை வெயிலில் இரண்டு மூன்று கோடை வெந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஆபீஸ் ஓட்டத்துக்கு அதை எடுத்தால்கூடப் பாதகமில்லை. தடத்துக்கு நான் ஆறு மாதத்துக்கு மேற்பட்டதை எடுப்பதில்லை. விலையைக் குறைத்துத் தருகிறேன் என்றார், கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

தாம்பரம் பக்கத்திலேயே இன்னொரு கடை. வாசலில் நிற்கிற வண்டிகளைப் பார்த்தே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. பெரிய பைக்குகள், எல்லாம் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தன. தேதியைக் கேட்டதும் கடையில் இருந்த தம்பி போனில் கோடவுனைக் கூப்பிட்டு நம்பரை வாசிக்கச் சொன்னான். நாலு மாதச் சரக்கு. மறுநாள் வந்தது. ஐஎஸ்ஐ முத்திரை, சுழலும் திசைக்கான அம்புக்குறி எல்லாவற்றையும் நாங்கள் கேட்கும் முன்பே காட்டினான். மெஷினில்தான் கழற்றி மாட்டினான். லிவர் போட்டு நெம்பி அலாய் ரிம்மைக் கீறுகிற கதை இல்லை. வால்வையும் புதுசாக மாற்றினான். பைக் சக்கரத்துக்கு வீல் பேலன்ஸ் பார்க்கிற கடைகள் ஊரில் இன்னும் குறைவு. இங்கே அதற்கான அடாப்டர் இருந்தது. போன் செய்யும்போதே "பைக்குக்குப் பேலன்ஸ் பண்ணுவீங்களா?" என்று கேட்டால் பாதிக் கடைகள் தானாகவே கழிந்துவிடும். அதுவே நல்ல வடிகட்டி.

அங்கேயும் ஒரு சின்ன தள்ளுமுள்ளு நடந்தது, நைட்ரஜன் நிரப்பச் சொல்லி. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதில் உண்மையான லாபம், ஈரம் இல்லாமல் இருப்பது. ஈரம் இருந்தால் சூடேறும்போது அழுத்தம் கணக்கில்லாமல் ஏறும். சென்னைப் புழுக்கத்தில் கம்ப்ரெசர் டேங்கில் தண்ணீர் சேரும். அதை அவ்வப்போது வடித்துவிடும் கடையானால் காற்றே போதும். "தண்ணி வடிச்சீங்களா தம்பி?" என்றேன். சிரித்துக்கொண்டே அடியிலிருந்த குழாயைத் திறந்து காட்டினான். சொட்டுத்தான் வந்தது. காற்றே அடித்தோம்.

புது டயரின் மேற்பரப்பு வழுக்கும். முதல் நூறு கிலோமீட்டரை நிதானமாக ஓட்ட வேண்டும், திடீர் பிரேக்கோ சாய்ப்போ கூடாது. மாமல்லபுரம் போய்க் கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தோம், அதற்கு ஈசிஆர் போதும். இதை தடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் முதல் செஷனை வீணாக்குகிறார்கள். கட்டிய பணத்தில் அது கணிசமான பங்கு.

வண்டலூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போனோம். வேடிக்கை என்னவென்றால், ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜேகே டயர் என்று டயர் ஆலைகள் இருக்கிற ஊர்களைத் தாண்டித்தான் தடத்துக்கே போக வேண்டியிருக்கிறது. போகி முடிந்து சில நாள் ஆகியும் காலையில் அந்தப் பக்கம் பனி விலகவில்லை. முதல் செஷனில் தார் இன்னும் ஆறிக் கிடந்தது. பத்து மணிக்கு மேல் தரையில் கை வைக்க முடியவில்லை.

காற்றழுத்தம்தான் நாள் முழுக்க எங்களுக்கு வேலை வைத்தது. காலையில் டயர் ஆறியிருக்கும்போது, கையேட்டில் உள்ளதைவிட 3 பிஎஸ்ஐ குறைத்து வைத்தோம். முதல் செஷன் முடிந்து, வண்டிகளை நிறுத்தும் பிட்டுக்குள் வந்த உடனே அளந்தால் நாலைந்து ஏறியிருந்தது. மதியம் அதைவிட அதிகம். சூட்டிலேயே கொஞ்சம் இறக்கினோம். பெட்ரோல் பங்கில் இருக்கிற மீட்டரை நம்பி இதைச் செய்ய முடியாது. கடைக்குக் கடை இரண்டு மூன்று பிஎஸ்ஐ வித்தியாசம் காட்டும். சொந்தமாக ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எப்போதும் அதே கேஜ் என்பதுதான் முக்கியம். முக்கால்வாசிப் பேர் அன்று டயர் பிராண்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கேஜ் கையில் வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம்.

தோளில் ரப்பர் நொய்யரிசி மாதிரி உருண்டு ஒட்டியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, வேலை செய்த டயர் அப்படித்தான் இருக்கும். வரிவரியாகக் கிழிந்து உள்ளே பள்ளம் விழுந்தால்தான் அழுத்தத்தையும் சஸ்பென்ஷனையும் பார்க்க வேண்டும். எங்களுக்கு மதியம் பின் டயரில் லேசாகக் கிழிசல் தெரிந்தது, அழுத்தத்தைச் சரிசெய்த பிறகு அது வளரவில்லை. பிடிப்பு எப்படி? செப்பாங்கில் நான் போடுகிற டயரோடு ஒப்பிட்டால் கடைசி சாய்வில் கொஞ்சம் பின்தங்கியது உண்மை. ஆனால் அது விடுவதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் விடுகிறது. மெல்ல நழுவும், நாமும் மெல்ல நிமிர்த்திக்கொள்ளலாம். கற்றுக்கொள்கிறவனுக்கு இந்தக் குணம்தான் வேண்டும். சித்தி மகன் நாள் முழுக்க ஒரு முறைகூட விழவில்லை.

சிங்கப்பூரோடு ஒப்பிட வேண்டாமென்று பார்த்தாலும் கை பரபரக்கிறது. அங்கே உபி என்ற வட்டாரத்தில் என் டயரை மாற்றுகிறவர் நேரம் சொன்னால் அந்த நேரத்தில் முடித்துத் தருவார். பேச்சு கிடையாது, தேதியைப் பார்க்கவும் தேவையில்லை. கூலியும் அதற்கேற்ப வலிக்கும். இங்கே நாமாகக் கேட்க வேண்டியது நிறைய. கேட்டால் முகம் சுளிக்காமல் செய்கிற கடையும் இருக்கிறது, கூலியைச் சொன்னால் சிங்கப்பூர் நண்பர்கள் நம்ப மாட்டார்கள். ரோட்டோரப் பஞ்சர் கடை விஷயத்தில் மட்டும் சித்தி மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்: வெளியிலிருந்து பசை நூலைத் திணித்து அடைத்த டயரோடு தடத்தில் இறங்காதே. ஆபீஸுக்கு ஓட்டிக்கொள்.

சாயங்காலம் அதே டயரில் வீட்டுக்கு ஓட்டி வந்தோம். இந்த வகை வண்டிகளில் பின் டயர்தான் முதலில் போகும். முன் டயர் ஏறக்குறைய இரண்டு பின் டயருக்கு ஈடுகொடுக்கும். அதனால் அடுத்த முறை பின் டயர் மட்டும், இதே மாடல், இதே அளவு என்று அந்தக் கடைத் தம்பியிடமே சொல்லி வைத்திருக்கிறோம். கோடை முடிந்து புதுச் சரக்கு வந்ததும் தேதியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றிருக்கிறான்.