காவிரிப் படுகையின் அடியைப் பார்க்க: ஈர்ப்பா, காந்தமா, சீஸ்மிக்கா?

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை கண்ணுக்குத் தெரிவது தட்டையான வயல்வெளி. அடியில் நிலைமை வேறு. கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் பிளந்தபோது இங்கே பாறை வடகிழக்கு–தென்மேற்காக உடைந்தது. சில பட்டைகள் இறங்கின, சில அப்படியே நின்றன. நின்றவைதான் கும்பகோணம்–மாதானம், பட்டுக்கோட்டை–மன்னார்குடி போன்ற மேடுகள். இறங்கியவை அரியலூர்–புதுச்சேரி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்ற பள்ளங்கள். பள்ளங்களில் சேர்ந்து இறுகிய மண், மணல் படிவின் தடிமன் சில இடங்களில் 5 கி.மீ.க்கும் மேல். 1964ல் காரைக்காலில் ஆழ்கிணறு தோண்டும் முன்பே இந்த எலும்புக்கூட்டைத் தோராயமாகக் காட்டியவை புவி இயற்பியல் அளவைகள்தான். அவற்றில் எதை எதற்கு நம்புவது?

முதலில் ஈர்ப்பு அளவை, அதாவது புவியீர்ப்பு இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்று அளப்பது. படிவுக்கு அடியில் உள்ள அடித்தளப் பாறையின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 2.7 கிராம், படிவு அதைவிட லேசு. வித்தியாசம் 0.3 என்று வைத்தால், அகலமான பள்ளத்தில் ஒவ்வொரு கி.மீ. படிவுக்கும் ஈர்ப்பு சுமார் 12 மில்லிகால் (ஈர்ப்பை அளக்கும் சிறிய அலகு) குறையும். நல்ல கருவிக்கு இது பெரிய எண். ஆனால் அளக்கும் இடத்தின் உயரம் 1 மீட்டர் பிசகினாலே 0.2 மில்லிகால் போய்விடும், அதனால் மட்டம் பார்க்கும் வேலையில் சோம்பல் கூடாது. செலவு குறைவு, வயலுக்குச் சேதம் இல்லை. பெரிய குறை ஒன்று உண்டு: ஒரே வளைகோட்டைப் பல வடிவங்கள் தரும். ஆழத்தில் உள்ள அடர்ந்த பாறையும், மேலே பரந்து கிடக்கும் லேசான அடர்த்தி மாற்றமும் ஒரே மாதிரி தெரியலாம்.

காந்த அளவை இன்னும் மலிவு, விமானத்திலிருந்தே எடுக்கலாம். சார்னோகைட் போன்ற அடித்தளப் பாறைகளுக்குக் காந்தம் உண்டு, படிவுக்கு ஏறக்குறைய இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நாம் இருப்பது காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். இங்கே புவிக்காந்தப் புலம் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. அதனால் காந்தப் பாறைக்கு நேர் மேலே உச்சம் வராது, தாழ்வு வரும். வடக்கு–தெற்காக நீண்ட அமைப்பு ஏறக்குறையக் காணாமலே போகலாம். நம் மேடுகள் சாய்வாக ஓடுவதால் தப்பித்தோம். வடதுருவத்துக்கு அருகே எடுத்த வரைபடத்தைப் படித்துப் பழகியவர்கள் இங்கே மேட்டையும் பள்ளத்தையும் மாற்றிப் படித்துவிடும் ஆபத்து உண்மையானது.

நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தித் தடையை அளக்கும் மின்தடை முறை கடலோர நிலத்தடி நீருக்கு உதவும். ஆனால் களிமண்ணும் உப்புநீரும் அதற்கு ஒரே முகம். ஆழமான பிளவுகளைத் தேட நான் அதை முதலில் எடுக்க மாட்டேன்.

சரி, சீஸ்மிக்: நிலத்தில் அதிர்வை உண்டாக்கி, அடியில் உள்ள அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பதிவு செய்யும் முறை. படம் என்று சொல்லத் தகுந்தது இது ஒன்றுதான். பாறையில் அதிர்வின் வேகம் நொடிக்கு 3,000 மீட்டர், அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ் என்றால் சுமார் 25 மீட்டர் தடிமனான அடுக்கு வரை பிரித்துக் காட்டும். மற்ற முறைகள் இதன் அருகில்கூட வராது. விலையும் அதற்கேற்றது: துளையிட்டு வெடி வைக்க வேண்டும், வயலில் கேபிள் இழுக்க வேண்டும், ஒவ்வொரு விவசாயியிடமும் அனுமதி வாங்க வேண்டும், நட்ட பயிருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, அது தருவது ஆழம் அல்ல, நேரம். அதிர்வு போய்த் திரும்ப 2 நொடி என்றால் 3 கி.மீ. என்கிறோம். வேகத்தை 5 சதவீதம் தப்பாக எடுத்தால் 150 மீட்டர் பிசகும். எண்ணெய் தேங்கும் சின்னக் கூம்பு அந்தப் பிசகிலேயே மறைந்துவிடும். பக்கத்துக் கிணற்றில் கருவி இறக்கி நேரத்தை நேரடியாக அளந்தால்தான் இது திருந்தும்.

அதனால் கிணறு தோண்டும் இடத்தை ஈர்ப்பு வரைபடத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் சீஸ்மிக் வந்ததும் ஈர்ப்புத் தரவைப் பீரோவில் பூட்டுவதும் தவறு. ஆழம் கூடக் கூட எதிரொலி மங்கும். அடித்தளம் எது, அதன் மேல் இறுகிக் கிடக்கும் பழைய படிவு எது என்று சீஸ்மிக் படத்தில் எல்லைக்கோடு இழுப்பவர்களுக்குள்ளேயே சண்டை வரும், ஆளுக்கொரு கோடு இழுப்பார்கள். அப்போது இரண்டு கோட்டுக்கும் தனித்தனியாக ஈர்ப்பைக் கணக்கிட்டு, களத்தில் அளந்ததோடு வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி அரை கி.மீ. இருந்தாலே சில மில்லிகால் வித்தியாசம் வரும், பெரும்பாலும் ஒரு கோடு அங்கேயே விழுந்துவிடும்.