இரண்டு நெட்வொர்க் கார்டு, இரண்டு கேட்வே: எந்த வழி யாருக்கு?

கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டு. முதல் கார்டின் முகவரி 192.168.1.10, இரண்டாவதன் முகவரி 10.0.0.10. இரண்டிலும் டிஃபால்ட் கேட்வேயை, அதாவது தனி வழி எதுவும் எழுதப்படாத பாக்கெட்டுகளை (தகவல் துண்டுகளை) அனுப்ப வேண்டிய ரூட்டரின் முகவரியை, நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இப்படிச் செய்யாதே என்று விண்டோஸ் எச்சரிக்கைப் பெட்டியே காட்டும். அதைப் படிப்பவர்தான் குறைவு.

இரண்டு டிஃபால்ட் ரூட்டுக்கும் (கேட்வே வழியாகப் போகும் பாதை) வெவ்வேறு மெட்ரிக், அதாவது முன்னுரிமை எண், கொடுப்பது முதல் வழி. மெட்ரிக் குறைந்தது ஜெயிக்கும். லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் வயர் இணைப்புக்கு 100, வைஃபைக்கு 600 என்று தானாகவே போடுகிறது. மடிக்கணினிக்கு இது போதும். ஆனால் இதை முழு பேக்கப் என்று நம்பிவிடக் கூடாது. கேபிளைப் பிடுங்கினால் அடுத்த ரூட்டுக்கு மாறும். கேபிள் நன்றாக இருந்து, ரூட்டருக்கு அப்பால் இணையம் செத்துப்போனால் லினக்ஸ் கர்னலுக்கு அது தெரியவே தெரியாது. பாக்கெட்டுகளை அதே பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும்.

ஒரே டிஃபால்ட் கேட்வே, மற்றதற்கு ஸ்டேட்டிக் ரூட் (குறிப்பிட்ட முகவரிகளுக்கு மட்டும் நாமே எழுதிவைக்கும் பாதை) என்பது இரண்டாவது வழி. உள் நெட்வொர்க் 10.20.0.0/16 (10.20 என்று தொடங்கும் முகவரிகள்) என்றால் அதற்கு மட்டும் இரண்டாவது கார்டின் கேட்வேயான 10.0.0.1 வழியாக ரூட் எழுதுங்கள், மீதியெல்லாம் முதல் கார்டின் கேட்வேயான 192.168.1.1 பக்கம் போகட்டும். ஒரு பக்கம் இணையம், மறுபக்கம் அலுவலக நெட்வொர்க் என்றால் என் ஓட்டு கண்ணை மூடிக்கொண்டு இதற்குத்தான். ஆறு மாதம் கழித்து வேறொருவர் ரூட்டிங் டேபிளை (பாதைகளின் பட்டியலை) திறந்தாலும் புரியும். விண்டோஸில் ரூட் கட்டளையோடு 'மைனஸ் பி' (-p) சேர்க்க மறந்தால் ரீபூட்டில் ரூட் காணாமல் போய்விடும்.

இரண்டு பக்கமும் இணையம், இரண்டு பக்கமிருந்தும் சர்வருக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் மேலே சொன்ன இரண்டுமே உதவாது. 203.0.113.5 இலிருந்து ஒரு சின் பாக்கெட் (SYN, இணைப்பைத் தொடங்கும் முதல் பாக்கெட்) 10.0.0.10 க்கு வருகிறது. பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் (tcpdump) கருவியில் கண்ணெதிரே தெரிகிறது. பதில் அனுப்பும்போது லினக்ஸ் பார்ப்பது போகும் முகவரியை மட்டும்தான். எனவே பதில் 192.168.1.1 வழியாகக் கிளம்பும். இந்த இணைப்பு தொடங்கியதையே பார்க்காத அந்தப் பக்கத்து ஃபயர்வால் அதைத் தூக்கி எறிந்துவிடும். பதிலும் வந்த வழியிலேயே போகுமா என்று சரிபார்க்கும் ரிவர்ஸ் பாத் ஃபில்டர் 1 என்ற கண்டிப்பான நிலையில் இருந்தால் இன்னும் மோசம்: வந்த பாக்கெட்டே உள்ளே நுழையாது.

இதற்கு மருந்து பாலிசி ரூட்டிங்: எந்த முகவரியிலிருந்து கிளம்புகிறது என்பதையும் பார்த்து வழியை முடிவு செய்வது. 100 என்று தனி டேபிள் உண்டாக்கி, அதில் 10.0.0.1 ஐ டிஃபால்ட்டாக வையுங்கள். பிறகு ஒரே ஒரு விதி: 10.0.0.10 இலிருந்து கிளம்பும் எதுவும் 100 ஐப் பார்க்க வேண்டும். விதிகள் எண் வரிசையில், சிறிய எண் முதலில் என்று ஓடும்; வழக்கமான மெயின் டேபிளின் விதி 32766 இல் இருப்பதால் உங்கள் விதி அதற்கு முன்பே ஓடிவிடும். விண்டோஸில் இந்தத் தலைவலி குறைவு. விஸ்டாவிலிருந்தே, எந்த முகவரியிலிருந்து பதில் போகிறதோ அந்தக் கார்டு வழியாகவே அனுப்பும் வழக்கம் அதற்கு உண்டு.

இரண்டு கேட்வேயையும் ஒரே ரூட்டில் கட்டிச் சுமையைப் பகிரும் மல்டிபாத்தும் இருக்கிறது. ஒரு பெரிய டவுன்லோடு இதனால் வேகமாகாது. ஒரு இணைப்பு ஒரே பாதையில்தான் போகும். இரண்டும் வெவ்வேறு இணைய நிறுவனங்களின் லைன் என்றால், பாலிசி ரூட்டிங்கைச் சரியாக அமைத்து முடிக்கும்வரை இதன் பக்கமே போக வேண்டாம்.