கிரேக்க உடற்சொற்கள்: பாடமாக்குவதா, பிரித்துப் படிப்பதா?

கிளிநொச்சியில் உயர்தரம் வரை முழுக்கத் தமிழில் படித்துவிட்டுத் தாதியர் பயிற்சிக்குப் போனேன். உடற்கூற்றுப் பாடத்தின் முதல் பக்கமே கிரேக்கத்திலிருந்து வந்த ஆங்கிலப் பெயர்களால் மிரட்டியது. ஏ9 வீதியில் என்னோடு பஸ்ஸில் வரும் தோழி, சொற்களின் உச்சரிப்பைக் கொப்பியில் தமிழில் எழுதி அப்படியே பாடமாக்கினாள். நானும் மூன்று மாதம் அதைத்தான் செய்தேன். அப்புறம் சொற்களைப் பொருளுள்ள துண்டுகளாகப் பிரித்துப் படிக்கத் தொடங்கினேன். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

நாளைக்குச் சோதனை என்றால் பாடமாக்குவதுதான் வழி, சரி. ஆனால் மார்பெலும்பின் கீழ்முனையின் பெயரை 'சைஃபொயிட்' என்று தமிழில் எழுதினால் முதல் ஒலி ஆங்கில இசட் என்பது தெரியாமல் போய்விடும்.

என்னை மாற்றியது மறதி. பாடமாக்கிய பட்டியலை இரண்டு வாரம் பார்க்காவிட்டால் திரும்ப முதலிலிருந்து தொடங்கவேண்டும். பிரித்த துண்டோ வேறு சொற்களிலும் வந்து வந்து தானே ஞாபகப்படுத்தும். மாங்குளம், கனகராயன்குளம், வவுனிக்குளம் என்றால் கடைசித் துண்டை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லையே. 'ஒயிட்' அப்படித்தான்: 'போன்ற வடிவம்'. டெல்டொயிட் என்ற தோள் தசை, முக்கோணமான கிரேக்க டெல்டா எழுத்தைப் போன்றது. கழுத்திலுள்ள தைரொயிட் கேடயத்தை, குரல்வளைக் குருத்தெலும்பான கிரிக்கொயிட் வளையத்தை, சைஃபொயிட் வாளை. ஸ்டெர்னோகிளைடோமாஸ்டொயிட் என்ற நீளச் சொல்லைப் பிரித்தால் மார்பெலும்பு, காறையெலும்பு, காதுக்குப் பின்னால் தட்டுப்படும் மாஸ்டொயிட் முனை. கழுத்துத் தசை எங்கெங்கே பொருந்துகிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது!

உச்சரிப்பும் அப்படித்தான் பிடிபட்டது. நிமோனியாவின் தொடக்கத்தில் பி எழுத்து இருந்தும் நாம் சொல்வதில்லை. மண்டையோட்டுப் பகுதியான டெரிகொயிட்டிலும் முதல் பி ஊமை. அது சிறகைக் குறிக்கும் துண்டு. அதன் உறவுச் சொல் ஹெலிகொப்டரின் நடுவில் வரும்போது பி நன்றாகவே கேட்கிறது. சொல் எங்கே உடைகிறது என்று தெரிந்தால் இந்த வித்தியாசம் குழப்பாது. சி, எச் சேர்ந்தால் 'க்' ஒலி: ட்ரக்கியா (மூச்சுக்குழாய்), பிரேக்கியல் (மேற்கை சார்ந்தது).

பொருள் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. ஆர்ட்டரி, அதாவது இரத்தம் ஓடும் நாடி, என்ற சொல் கிரேக்கத்தில் மூச்சுக்குழாயையும் குறித்தது. நாடிகளில் காற்று ஓடுவதாக நம்பிய பழைய மருத்துவர்களும் இருந்தார்கள். அதைப் பிரித்துப் பார்த்து இரத்தத்தை ஊகிக்க முடியாது. மூளை, நரம்புப் பகுதியை நான் இன்னும் மேலோட்டமாகத்தான் படித்திருக்கிறேன், அங்கே இந்த வழி எவ்வளவு தூரம் வரும் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

தோழி இன்னும் பாடமாக்கித்தான் படிக்கிறாள். ஆனால் கொக்சிக்ஸ் என்ற வால் எலும்புக்குக் குயிலின் அலகைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள் என்று ஒருநாள் பஸ்ஸில் சொன்னேன். அந்த ஒரு சொல்லை அவள் பிறகு கொப்பியில் தேடியதே இல்லை.