பாட்டிலில் இருந்த ‘விஜயா’ கஞ்சா என்று எங்களுக்குத் தெரியாது

இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால் இதைப் படியுங்கள். நாகர்கோவிலில் போன மாதம் நாங்கள் ஏமாந்த கதை இது.

என் அம்மாவுக்கு 61 வயது. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அவருடைய இதய வால்வைக் கெடுத்துவிட்டது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் திருவனந்தபுரத்தில் செயற்கை வால்வு பொருத்தினார்கள். அந்த வால்வில் இரத்தம் உறையாமல் இருக்க அன்று முதல் தினமும் வார்ஃபரின் மாத்திரை. இரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை மாதம் ஒருமுறை. அந்த எண் 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டும், கூடினால் உடம்புக்குள் இரத்தம் கசியும். முருங்கைக்கீரையைக்கூட அம்மா ஒரே அளவாகத்தான் சாப்பிடுவார். ஒரு வாரம் அதிகம், அடுத்த வாரம் இல்லை என்று ஆகிவிட்டால் எண் ஆடிவிடும்.

இவ்வளவு கவனமாக இருந்தவரைத்தான் வடசேரியில் ஒரு மூலிகைக் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். கடைப் பலகையில் மூலிகைகளுக்குப் பேர்போன மருந்துவாழ் மலையின் படம். நம் ஊரில் அந்த மலையின் பேரைச் சொன்னால் யாருக்கும் ஒரு நம்பிக்கை வரும். அம்மா முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கத்தான் போனார். வால்வு மாற்றியிருப்பதையும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதையும் நானே பக்கத்தில் நின்று சொன்னேன். “அதை நிறுத்த வேண்டாம் அம்மா, கூடவே இதையும் சாப்பிடுங்கள். வலியும் போகும், தூக்கமும் வரும், இதயத்துக்கும் பலம். எல்லாம் இலைதான், பக்கவிளைவே கிடையாது” என்றார். ஒரு பாட்டில் விஜயா சாறு, ஒரு பாட்டில் பூண்டு கேப்ஸ்யூல். 3,400 ரூபாய். பில் கேட்டதற்குத் துண்டுத்தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

முதல் வாரம் அம்மா நன்றாகத் தூங்கினார். பிறகு எழுந்து நின்றால் தலைசுற்றல், காரணமில்லாமல் படபடப்பு. பன்னிரண்டாம் நாள் பல் துலக்கும்போது ஈறில் வந்த இரத்தம் நிற்கவில்லை. முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. “எங்கும் இடிக்கவில்லை மக்களே” என்றார். பரிசோதித்தால் ஐ.என்.ஆர். 6.8.

புதிதாக என்ன சாப்பிட்டார் என்று மருத்துவர் மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறைதான் அம்மா சொன்னார். திட்டுவார்கள் என்ற பயம். பாட்டிலைக் கொண்டுவந்து காட்டியதும் மருத்துவர் கேட்டார்: “விஜயா என்றால் கஞ்சாச் செடி. தெரியுமா?”

எங்களுக்குத் தெரியாது. பீடி வாசனையைக்கூட வீட்டில் பொறுக்காதவர் அம்மா. அவருக்கு இரண்டு வேளையும் அந்தச் சாற்றைச் சொட்டு எண்ணிக் கொடுத்தது நான்.

மருத்துவர் விளக்கியது இது. வார்ஃபரினைக் கல்லீரலில் உள்ள நொதிகள் உடைத்து வெளியேற்ற வேண்டும். கஞ்சாச் செடியின் பொருள்கள் அந்த நொதிகளைத் தடுக்கும். அப்போது பழைய அளவு மாத்திரையே உடம்பில் தேங்கி, அதிக அளவு சாப்பிட்டதுபோல் ஆகிவிடும். பூண்டுச் சத்தும் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியது. இந்தச் செடியில் போதை தரும் டி.எச்.சி. நாடித்துடிப்பை ஏற்றும், எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தத்தை இறக்கும். 2001இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், கஞ்சா புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு ஆபத்து 4.8 மடங்கு கூடியது. அம்மா புகைக்கவில்லை, குடித்தார், அளவும் வேறு. ஆனாலும் இதை ‘இதயத்துக்குப் பலம்’ என்று விற்றதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் இந்தச் செடியின் பூங்கொத்தைத்தான் கஞ்சா என்கிறது. பூ சேராத இலையும் விதையும் அந்த விளக்கத்தில் வராது. அந்த இடைவெளியில்தான் இலைச்சாறு மருந்து என்ற பெயரில் கடைக்கு வருகிறது. அதற்கும் கட்டுப்பாடு உண்டு. மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை லேபிளில் இருக்க வேண்டும். எங்கள் பாட்டிலிலும் இருந்தது: பின்பக்கம், கடுகளவு எழுத்தில், ஆங்கிலத்திலும் இந்தியிலும். விதி கேட்பதும் அந்த இரண்டு மொழிகளைத்தான். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அம்மாவுக்கு அது என்ன பயன்? இதய நோய் குணமாகும் என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அந்தக் கடைச் சுவரில் அந்த வாசகம் இன்னும் தொங்குகிறது.

நான் சித்தத்தையோ ஆயுர்வேதத்தையோ குறை சொல்லவில்லை. மரத்திலிருந்து விழுந்த என் தாத்தாவின் கையைக் கட்டிச் சரியாக்கியவர் ஒரு வர்ம ஆசான்தான். கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

திரும்பிப் போய்ப் பணத்தைக் கேட்டபோது, “மாத்திரை சாப்பிடுவதாக நீங்கள் சொல்லவே இல்லையே” என்று முகத்துக்கு நேரே சொன்னார். பில் இல்லாததால் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லவே திணறினேன். நீங்கள் பில் வாங்காமல் வராதீர்கள். லேபிளில் விஜயா, பங்கா, கன்னாபிஸ் என்று எது இருந்தாலும் அது ஒரே செடி. பரிசோதனைக்குப் போகும்போது மாத்திரை அட்டைகளோடு, சத்து மாத்திரை, லேகியம், சாறு என்று வீட்டில் உள்ள எல்லாப் பாட்டில்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

அம்மாவுக்கு வார்ஃபரினைச் சில நாள் நிறுத்தி, பிறகு அளவு பார்த்துத் தொடங்கினார்கள். நேற்று வந்த எண் 3.1. கையில் கன்றிய இடம் இன்னும் மஞ்சளாக இருக்கிறது.