கவுண்டர் மூன்று மணிக்கு மூடும்: மட்டக்களப்பில் எந்த வங்கி யாருக்கு?

களுவாஞ்சிகுடியிலிருந்தோ செங்கலடியிலிருந்தோ தினமும் மட்டக்களப்பு நகருக்கு வேலைக்கு வருகிறவருக்கு வங்கிகளுக்குப் பஞ்சமில்லை. அரச பக்கம் இலங்கை வங்கி, மக்கள் வங்கி, தேசிய சேமிப்பு வங்கி, பிரதேச அபிவிருத்தி வங்கி. தனியார் பக்கம் கொமர்ஷல், ஹற்றன் நஷனல், சம்பத், செலான் முதலானவை. எல்லோரும் முதலில் கேட்பது வட்டி எவ்வளவு என்றுதான். சேமிப்புக் கணக்கில் ஒரு லட்சம் ரூபா கிடக்கிறது என்று வையுங்கள். நூற்றுக்கு ஒன்று கூடுதலாகத் தருகிற வங்கியைத் தேடிப் பிடித்தாலும் வருடத்துக்குக் கிடைப்பது 1000 ரூபா. ஒரு கையொப்பம் வைக்க அரைநாள் லீவு போட்டால் அது அன்றோடு சரி.

எனவே முதலில் பார்க்க வேண்டியது வேறு. பெரும்பாலான கிளைகளில் கவுண்டர் பி.ப. 3 மணிக்கு மூடும். அதற்கு முன் நீங்கள் எங்கே நிற்பீர்கள்?

கச்சேரியிலோ (மாவட்டச் செயலகம்) நகரக் கடையிலோ வேலை செய்கிறவர் வீடு போய்ச் சேர ஐந்து மணியாகும். அவருக்கு ஊர்க் கிளையால் பயனில்லை. சாப்பாட்டு நேரத்தில் நடந்து போய் வரக்கூடிய கிளைதான் வேண்டும். ஆரையம்பதியில் இருந்து மண்முனைப் பாலம் தாண்டி கொக்கட்டிச்சோலைப் பக்கம் படிப்பிக்கப் போகும் ஆசிரியருக்கு இது தலைகீழ். பகல் இரண்டு மணிக்குள் பாடசாலை முடிந்து, அரை மணித்தியாலத்தில் வீட்டுப் பக்கம் வந்துவிடுவார். அவருக்கு ஊர்க் கிளைதான் சரி. ஒரே வங்கிதானே, எந்தக் கிளையில் திறந்தால் என்ன என்று நினைக்க வேண்டாம். காசு போடுவதும் எடுப்பதும் எங்கும் நடக்கும். ஆனால் தொலைபேசி இலக்கம் மாற்றுவது, கையொப்பம் மாற்றுவது, கடன், நிலையான வைப்பை இடையில் உடைப்பது போன்றவற்றுக்குப் பல வங்கிகள் கணக்குத் திறந்த கிளைக்கே அனுப்பிவிடும். ‘இங்கே செய்ய ஏலாது, அங்கே போங்க’ என்ற பதில் பெரும்பாலும் இந்த வேலைகளில்தான் வரும்.

சம்பளமும் கடனும்

அரச ஊழியர் இலங்கை வங்கிக்கோ மக்கள் வங்கிக்கோ போவது பழக்கத்தால் மட்டுமல்ல. சம்பளம் அந்தக் கணக்குக்கு வரும் என்று திணைக்களம் கொடுக்கும் உறுதிக் கடிதம்தான் தனிநபர் கடனுக்குப் பிடிமானம். அந்தக் கடிதத்தை வைத்துக் கடன் கொடுப்பதில் இந்த இரண்டுக்கும் நீண்ட பழக்கம் உண்டு. தனியார் வங்கிகளும் கொடுக்கின்றன. பத்திரங்கள் முழுமையாக இருந்தால் வேகமாகவும் முடிப்பார்கள். ஆனால் எங்கே கடன் எடுத்தாலும், அது தீரும் வரை சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்ற முடியாது. ஐந்து வருடக் கடன் என்றால் ஐந்து வருடம் அந்தக் கிளைதான். கிளையைத் தெரிவுசெய்யும்போது இதை மறந்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் உண்டு.

தனியார் நிறுவனத்தில் வேலை என்றால் சம்பள வங்கியை நிறுவனமே சொல்லிவிடும். அதை ஏற்றுக்கொண்டு, சேமிப்புக்கு வேறு கணக்கு வைப்பது நல்லது. கடன் கேட்கப் போகுமுன் கிறிப் அறிக்கையை, அதாவது கடன் தகவல் பணியகம் (CRIB) வைத்திருக்கும் உங்கள் கடன் வரலாற்றை, ஒருமுறை எடுத்துப் பாருங்கள். யாருக்கோ பிணை நின்று அவர் கட்டாமல் விட்டது உங்கள் பெயரிலும் கிடக்கலாம். அப்படிக் கிடந்தால் எந்த வங்கிக்குப் போனாலும் அதே தகவல்தான் தெரியும்.

தேசிய சேமிப்பு வங்கி

இங்கே நடைமுறைக் கணக்கு இல்லை, காசோலைப் புத்தகமும் இல்லை. வியாபாரிக்கு இது போதாது. சம்பளக்காரருக்கு இரண்டாவது கணக்காக வைக்க இதைவிடப் பொருத்தமானது குறைவு. வைப்புக்கும் வட்டிக்கும் சட்டப்படி அரசாங்கம் முழு உத்தரவாதம் தருகிறது. மற்ற வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் ரூபா வரைதான்.

இன்னொரு வசதி தபாலகம். சேமிப்புப் புத்தகத்தோடு தபாலகத்திலும் உப தபாலகத்திலும் காசு போடலாம், எடுக்கலாம். வங்கிக் கிளை தூரமாக இருக்கும் படுவான்கரை (வாவியின் மேற்குக் கரை) கிராமங்களில் வயதான பெற்றோருக்கு இது பெரிய உதவி. ஒரு நாளில் எடுக்கக்கூடிய தொகைக்கு எல்லை உண்டு. ஆஸ்பத்திரிச் செலவு போன்ற பெரிய தொகையை அங்கே நம்பி நிற்கக்கூடாது.

நிலையான வைப்பு: பலகையில் உள்ள வட்டியும் கைக்கு வரும் வட்டியும்

பலகையில் 8 வீதம் என்று போட்டிருந்தால் 10 லட்சத்துக்கு வருடம் 80,000 ரூபா. 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் 10 வீதம் நிறுத்திவைத்தல் வரியாகக் கழிகிறது. 8,000 போக கைக்கு வருவது 72,000, மாதம் 6,000. வருட வருமானம் 18 லட்சத்துக்குள் இருக்கிறவர் இதைக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் வங்கி தானாக விடாது. வரி அடையாள இலக்கம் எடுத்து, சுய பிரகடனப் படிவத்தை நிரப்பி, வைப்பு உள்ள ஒவ்வொரு வங்கிக்கும் கொடுக்க வேண்டும். வரி வருடம் ஏப்ரலில் தொடங்குவதால் அடுத்த வருடம் திரும்பவும் கேட்பார்கள். வட்டியில் அரை வீதம் கூடுதலாகத் தேடி நாலு வங்கி ஏறுகிறவர்கள், இந்த ஒரு படிவத்தைக் கொடுக்காமல் அதைவிடக் கூடுதலாக இழக்கிறார்கள்.

மாதாந்த வட்டியையும் முடிவில் வரும் வட்டியையும் நேராக ஒப்பிட வேண்டாம். மாதாந்தம் எடுத்தால் வீதம் குறைத்தே போடுவார்கள். இரண்டுக்கும் வருடாந்தப் பயனுறு வீதத்தை (வட்டிக்கு வட்டியும் சேர்த்து வருடத்துக்கு வரும் வீதம், AER) கேட்டு அதை ஒப்பிடுங்கள். 60 வயது கடந்த பெற்றோர் பெயரில் போட்டால் கூடுதல் வீதம் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

நிதி நிறுவனங்கள் கூடுதலாகத் தரும். ஆபத்தும் கூடுதல். 2020 மே மாதம் ‘த ஃபினான்ஸ்’ நிறுவனத்தின் உரிமத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தபோது காப்புறுதி எல்லை 6 லட்சமாகத்தான் இருந்தது. நிதி நிறுவனத்தில் போடுவதென்றால் வட்டியையும் சேர்த்து 11 லட்சத்துக்குள் நிற்கும்படி போடுங்கள்.

நகை அடகு

நம்மூரில் வங்கி என்றால் பாதிப் பேருக்கு இதுதான். பவுணுக்கு எவ்வளவு தருவார்கள் என்பது தங்க விலையோடு அடிக்கடி மாறும். காலையில் இரண்டு இடத்தில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. கூடத் தருகிற இடத்தில் வட்டியும் கூட இருக்கலாம். முழுத் தொகையையும் எடுக்காவிட்டால் குறைந்த வட்டிக்காரரிடம் வைப்பதே இலாபம். நகை வைத்த கிளையிலேயே இருக்கும், அங்கேதான் மீட்க வேண்டும், அதுவும் கவுண்டர் திறந்திருக்கும் நேரத்தில். நகரத்தில் வேலை செய்பவர் ஊரில் வைத்த நகையை மீட்கக் காசு இருந்தும் லீவு இல்லாமல் வட்டி கட்டுவது இதனால்தான். வீடு மாறினால் துண்டில் உள்ள முகவரியையும் மாற்றுங்கள். ஏல அறிவித்தல் பழைய முகவரிக்குப் போய்விடும்.

வட்டி வேண்டாம் என்பவர்களுக்கு அமானா வங்கி உண்டு. இலாபப் பங்கு முறையில் இயங்குகிறது. மக்கள் வங்கி, ஹற்றன் நஷனல், கொமர்ஷல் போன்றவற்றிலும் இஸ்லாமிய வங்கிப் பிரிவு உண்டு. எல்லாக் கிளையிலும் அந்த வேலை தெரிந்தவர் இருப்பார் என்று சொல்ல முடியாது.

தொலைபேசியில் வங்கி

செயலியில் தனியார் வங்கிகள் நீண்ட காலம் முன்னே நின்றன. இப்போது அரச வங்கிகளும் எட்டிப் பிடித்துவிட்டன. வேறு வங்கிக்கு உடனடியாக அனுப்ப 25, 30 ரூபா அளவில் கழியும். பணம் கணக்கு இலக்கத்தைப் பார்த்தே போகும். பெயர் பிழையென்று பெரும்பாலும் நிறுத்தாது. தவறாகப் போனால் எதிராளி சம்மதித்தால்தான் திரும்பும். புதிய இலக்கத்துக்கு முதலில் 100 ரூபா அனுப்பி, வந்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள்.

கட்டார், சவூதிக்குப் போகிறவர்கள் பயணத்துக்கு முன் கிளைக்குப் போய், ஓ.டி.பி. எந்த இலக்கத்துக்கு வரும் என்று உறுதிசெய்ய வேண்டும். இங்கே உள்ள சிம் செயலிழந்தால் செயலியும் முடங்கும். வெளிநாட்டிலிருந்து இலக்கத்தை மாற்றுவது பெரிய பாடு.

திறக்கப் போகும்போது

தேசிய அடையாள அட்டையும் அதன் பிரதியும், மூன்று மாதத்துக்குள் வந்த மின்சார அல்லது தண்ணீர் பில்லும் கொண்டு போங்கள். சறுக்குவது பில்லில்தான். அது பெரும்பாலும் அப்பா பெயரிலோ வீட்டுக்காரர் பெயரிலோ இருக்கும். அப்போது கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ் வேண்டும். அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் தேவையா என்பதை முதலே கேளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு தடவை அலைய வேண்டும். கார்டின் வருடக் கட்டணம், குறைந்தபட்ச மீதி குறைந்தால் கழிக்கும் தொகை, குறுஞ்செய்திக் கட்டணம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். படிவத்தைத் தமிழில் கேட்கத் தயங்க வேண்டாம். முறைப்பாட்டுக்குக் கிளை பதில் சொல்லாவிட்டால் மத்திய வங்கியின் 1935க்கு எடுக்கலாம்.

இரண்டு கணக்கு வைப்பதென்றால் இரண்டும் வேறு வேறு வங்கியில் இருக்கட்டும். கார்த்திகை, மார்கழி மழையில் மின்சாரமும் இணைப்பும் போனால் ஒரு வங்கியின் இயந்திரம் நின்று மற்றது வேலை செய்வது உண்டு. இரண்டும் நிற்கும் நாளும் வரும். அதற்கு வீட்டில் ஒரு கிழமைச் செலவுக்குக் காசு, அதுவும் 100, 500 தாள்களாக. வெள்ள நேரத்தில் 5000 தாளுக்கு எந்தக் கடையிலும் மீதி இருக்காது.