நாற்பது பைண்ட் பிளாஸ்டிக் பேரல்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தது

பிரிட்டனில் வீட்டில் பியர் காய்ச்ச 1963 வரை உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்த விதியை நீக்கினார். அதன் பிறகு கராஜிலும் மாடிப்படிக்கு அடியிலும் நிரந்தர இடம் பிடித்துக்கொண்ட பாத்திரம்தான் பிளாஸ்டிக் பிரஷர் பேரல். ஐந்து காலன், அதாவது 40 பைண்ட், கிட்டத்தட்ட 23 லிட்டர் பிடிக்கும். நாற்பது பாட்டிலைக் கழுவி, நிரப்பி, மூடி போடும் வேலை இதில் ஒரே மூடியோடு முடிந்துவிடும். (தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இது அனுமதி உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கான குறிப்பு.)

இந்தப் பேரலைப் பற்றிக் கேட்கும் புகார்கள் இரண்டே வகை: "காஸ் நிற்கவே இல்லை", "பியர் சப்பென்று இருக்கிறது". இரண்டுக்கும் பழி பிளாஸ்டிக்கின் மேல்தான் விழும். ஆனால் திரும்பத் திரும்ப நிரப்பிக் காலியாக்கிய பேரல்களில் உடல் பழுதானது அபூர்வம். பழுதாவது ரப்பர். அதைவிட அதிகம், இந்தப் பேரலால் தாங்க முடியாத அழுத்தத்தை அதனிடம் எதிர்பார்ப்பது.

முதலில் அமைப்பு. உடல் தடிமனான பாலித்தீன். மேலே 2 அங்குலம் அல்லது 4 அங்குல வாய், அதற்குத் திருகு மூடி, மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம். மூடியின் நடுவில் பித்தளை வால்வு. எஸ்30 என்ற வகைதான் பரவலாகக் கிடைக்கிறது. அடியிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் மேலே குழாய்; அதை உள்ளிருந்து ஒரு நட்டும் வாஷரும் பிடித்திருக்கும். சில மாடல்களில் குழாய் மேலே இருக்கும். உள்ளே மிதவையில் கட்டிய மெல்லிய டியூப் பியரை மேல்மட்டத்திலிருந்து இழுக்கும். தேர்வு செய்ய வாய்ப்பிருந்தால் 4 அங்குல வாயும் மிதவையும் உள்ளதையே எடுங்கள். கை உள்ளே நுழையாத பேரலில் குழாய் நட்டை இறுக்குவது பெரும் வேதனை. மிதவை இருந்தால் பியர் மேலிருந்து தெளியத் தெளியக் குடிக்கலாம். முதல் பைண்டில் மண்டி வராது.

இனி அழுத்தக் கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் புகார் அடங்கிவிடும். வால்வில் ஒரு துளையை மூடி ஒரு சிறு ரப்பர் பட்டை இருக்கும். உள்ளழுத்தம் சுமார் 10 பி.எஸ்.ஐ.யைத் (அழுத்தத்தை அளக்கும் அலகு) தாண்டினால் பட்டை விரிந்து வாயுவை வெளியேற்றும். பேரல் வெடிக்காமல் காப்பது அதுதான், அதைக் கட்டிப்போடவே கூடாது. இப்போது, காஸ் உண்டாகப் பேரலில் போடும் சர்க்கரைக்கு வருவோம். ஒரு கிராம் சர்க்கரை நொதித்தால் அரை கிராம் கரியமில வாயு கிடைக்கும். 85 கிராம் போட்டால் 23 லிட்டரில் லிட்டருக்கு 1.9 கிராம் கூடும். நொதிப்பு முடிந்த பியரில் ஏற்கெனவே கரைந்திருப்பதையும் சேர்த்தால், பியரின் கொள்ளளவைப் போல 1.8 மடங்கு வாயு. இங்கிலீஷ் பிட்டர் என்ற பியர் வகைக்கு இது தாராளம்.

சிக்கல் வெப்பத்தில் இருக்கிறது. 12 டிகிரியில் அந்த 1.8 மடங்கைப் பிடித்துவைக்க 9, 10 பி.எஸ்.ஐ. போதும், வால்வு அநேகமாக அசையாது. அதே பியர் 20 டிகிரியில் நின்றால் 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் வேண்டும். வால்வு திறந்து, ஒன்றரை மடங்கு வாயு மட்டும் மிஞ்சும். பிறகு எவ்வளவு குளிர்வித்தாலும் போனது போனதுதான். அதனால் "போன தடவை காஸ் பத்தவில்லை, இந்தத் தடவை 200 கிராம் போடுகிறேன்" என்பது வீண் வேலை. கூடுதல் சர்க்கரை எல்லாம் வால்வு வழியாகவோ பலவீனமான வாஷர் வழியாகவோ காற்றில்தான் கலக்கும். 80 முதல் 100 கிராம், அதற்கு மேல் வேண்டாம். ஈஸ்ட் வேலையைத் தொடங்க நான்கைந்து நாள் அறை வெப்பம், பிறகு 12, 13 டிகிரி உள்ள இடத்தில் இரண்டு மூன்று வாரம். குளிர்ந்த கராஜ் இருந்தால் அதைவிடச் சிறந்த இடம் இல்லை.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. லாகருக்கும் கோதுமை பியருக்கும் இந்தப் பேரல் பொருந்தாது. அவற்றுக்கு இரண்டரை மடங்கு, அதற்கு மேலும் வாயு வேண்டும். பிட்டர், மைல்டு, போர்ட்டர், ஸ்டௌட் காய்ச்சுபவருக்கு இது அருமையான பாத்திரம். மற்றவர்கள் பெட் பாட்டிலுக்கோ (சோடா விற்கும் பிளாஸ்டிக் பாட்டில்), இரண்டு பார் அழுத்தம் தாங்கும் புதிய பெட் கெக்குக்கோ போவதே நல்லது.

நிரப்புவதற்கு முன் ஒழுகுகிறதா என்று பார்ப்பது கட்டாயம். புதுப் பேரலானாலும் சரி. குழாய் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, வால்வு வழியாக ஒரு 8 கிராம் காஸ் குப்பியை (சோடா தயாரிக்கும் கரியமில வாயுக் குப்பி) செலுத்துங்கள். மூடி ஓரத்திலும் வால்வைச் சுற்றியும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடத்தில் நுரை பூக்கும். பிறகு குழாயைச் சுற்றி டிஷ்யூ காகிதத்தைச் சுருட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காகிதம் நனைந்திருந்தால் வாஷரைப் பாருங்கள். பியர் நிரம்பிய பிறகு கசிவு தெரியவந்தால் செய்ய ஒன்றுமில்லை. குழாய் நட்டு உள்ளே இருக்கிறது.

கசிந்தால் எல்லோரும் முதலில் செய்வது மூடியை இன்னும் இறுக்குவது. ஸ்பேனர் கொண்டு இறுக்குபவர்களும் உண்டு. அதுதான் கெடுதல். அளவுக்கு மீறி இறுக்கினால் ரப்பர் வளையம் பிதுங்கி ஒரு பக்கமாக ஒதுங்கும். கசிவு கூடத்தான் செய்யும். மரையும் கெடும். கையால் இறுகும் வரை திருப்பி, அதன் மேல் கால் சுற்று, அவ்வளவே. வளையத்தைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்து இரண்டாக மடக்கிப் பாருங்கள். நல்ல ரப்பர் கறுப்பாகவே வளையும். வயதானதில் மடிப்பின் மேல் தலைமுடி அளவு வெடிப்புகள் வரிசையாகத் தெரியும். பேரல் வாய் பதிந்த தடமும் திரும்பாமல் பள்ளமாகவே நிற்கும். அப்படிப்பட்டதை எந்தப் பசையும் காப்பாற்றாது. வருடம் ஒரு முறை மூடி வளையம், குழாய் வாஷர், வால்வுப் பட்டை மூன்றையும் மாற்றிவிடுவது மலிவான காப்பீடு.

வளையத்துக்கு வாஸ்லின் தடவச் சொல்லும் பழக்கம் பிரிட்டனில் வேரூன்றியது. பெட்ரோலிய ஜெல்லி பட்ட இயற்கை ரப்பர் ஊதிப் பிசுபிசுக்கும். இந்த வளையங்களில் பல அந்த வகைதான். உணவுத் தர சிலிகான் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். பியரில் கொழுப்பு கலந்தால் நுரை நிற்காது என்பதால் அதையும் வழிய வழியப் பூசக் கூடாது.

நிரப்பும்போது அவசரம் வேண்டாம். ஹைட்ரோமீட்டர் (பியரின் அடர்த்தியை அளந்து நொதிப்பு முடிந்ததைக் காட்டும் கருவி) இரண்டு நாள் தொடர்ந்து ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். சர்க்கரையைக் கால் லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவைத்துப் பேரலின் அடியில் ஊற்றுங்கள். அதன் மேல் சைஃபன் டியூபின் நுனி அடியைத் தொடும்படி வைத்து, சலசலப்பில்லாமல் இறக்குங்கள். பியர் விழும் வேகத்திலேயே சர்க்கரை கலந்துவிடும். மேலிருந்து ஊற்றினால் காற்று கரைந்து, ஒரு மாதத்தில் ஈர அட்டைப்பெட்டி வாசனை வரும். மூடியபின் ஒரு குப்பி காஸ் செலுத்தி, மூடியை ஒரு நொடி தளர்த்தி மேலே நிற்கும் காற்றை வெளியேற்றிவிட்டு மறுபடி இறுக்குங்கள்.

பரிமாறுவதில் தவறு நடப்பது பேரல் கால்வாசி காலியான பின்பு. முதல் எட்டுப் பத்து பைண்ட் தன் அழுத்தத்திலேயே வரும். அதன் பின் குழாயைத் திறந்தால் தாரை மெலிந்து, இடையில் "களக்" என்று ஒரு சத்தம் கேட்கும். வெளிக்காற்று குழாய் வழியாக உள்ளே ஏறிக் குமிழாக மேலே போகிற சத்தம் அது. அந்தக் குமிழோடு ஆக்சிஜனும் புளிப்புக் கிருமியும் போகின்றன. இரண்டு வாரத்தில் பியர் வினிகர் பக்கம் சாயும். ஆகவே தாரை மெலிந்தவுடனே காஸ் ஏற்றுங்கள், களக் சத்தம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். 8 கிராம் குப்பி அறை வெப்பத்தில் நாலு லிட்டர் சொச்சம் வாயு தரும். கணக்குக்கு ஏழெட்டு பைண்ட். ஆனால் அழுத்தத்துக்கும் கரைவதற்கும் போக நான்கைந்து பைண்டுக்கு ஒரு குப்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

குப்பியைப் பேரல் நிமிர்ந்த நிலையில், குப்பியின் வாய் கீழே பார்க்கப் பிடித்து ஒரே திருகில் துளையுங்கள். மெதுவாகத் துளைத்தால் வாயு பக்கவாட்டில் சீறி வீணாகும். குப்பியும் பனி பூத்து விரலைச் சுடும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சோடா குப்பியும் கிரீம் குப்பியும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கிரீம் குப்பியில் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு, பியருக்கு ஆகாது. ஏர்கன்னுக்கு விற்கும் 12 கிராம் குப்பிகள் சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும், அதுவும் வேண்டாம்.

சுத்தம் செய்வதில் ஒரே விதி: கீறாதீர்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பர் போடும் கோட்டில்தான் கிருமி குடியேறும். சோடியம் பெர்கார்பனேட் லிட்டருக்கு 4 கிராம், 50 டிகிரி வெந்நீர், அரை மணி ஊறல், மென்மையான துணி. சூடான நீரை விட்டு மூடியை இறுக்கி வைக்காதீர்கள். ஆறும்போது உள்ளே வெற்றிடமாகிப் பேரல் ஒடுங்கிவிடும். குழாயை ஒவ்வொரு முறையும் முழுக்கப் பிரியுங்கள். வெளியே பளிச்சென்று இருக்கும் குழாயின் உருளைக்குள் பழுப்புப் படலம் ஒளிந்திருக்கும். பேரல் பேரலாகப் புளிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஒரு இடம்தான். கடைசியில் பாஸ்பாரிக் அமிலக் கிருமிநீக்கி லிட்டருக்கு 1.5 மி.லி.; கழுவ வேண்டியதில்லை. பிளீச்சையும் அமிலத்தையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

பாலித்தீன் வழியாக ஆக்சிஜன் மெல்ல ஊடுருவும். மூடி எவ்வளவு இறுக்கமானாலும் இதைத் தடுக்க முடியாது. எனவே இரண்டு மூன்று மாதத்துக்குள் குடித்து முடிக்கும் பியருக்கே பேரல். ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணம் தூக்கலான ஐ.பி.ஏ. வகை பியர் ஒரு மாதத்திலேயே மங்கத் தொடங்கும். ஸ்டௌட் நன்றாகத் தாங்கும்.

ஒவ்வொரு முறையும் 20 லிட்டரைப் பேரலிலும் மீதி மூன்று லிட்டரைப் பெட் பாட்டில்களிலும் அடைப்பது மிகவும் உதவும். பாட்டிலுக்கு லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை. விரலால் அழுத்திப் பார்த்தால் நாளுக்கு நாள் இறுகுவது தெரியும். பாட்டில் கல்லாக இறுகியும் பேரலில் காஸ் இல்லையென்றால் ஈஸ்ட் மேல் குற்றமில்லை, கசிவைத் தேடுங்கள். சோடா பாட்டில் அழுத்தத்தைத் தாராளமாகத் தாங்கும். ஆனால் ஆரஞ்சு சோடா இருந்த பாட்டிலில் அந்த மணம் போகவே போகாது. நிறமற்ற பாட்டிலில் வெயில் பட்டால் ஹாப்ஸ் சிதைந்து கெட்ட நாற்றம் வரும். ஆஸ்திரேலியாவின் கூப்பர்ஸ் விற்கும் 740 மி.லி. பழுப்புப் பாட்டில் போன்றவை இதற்கென்றே செய்தவை. பெட் 70 டிகிரியில் இளகும், 50க்கு மேல் சூடு காட்டாதீர்கள்.

காய்ச்சாத மாதங்களில் மூடியைத் தனியே, குழாயைத் திறந்தபடி, ரப்பர்களைக் கழற்றி ஒரு பையில் போட்டு வையுங்கள். இறுக்கி வைத்த ரப்பர் ஆறு மாதத்தில் அந்த வடிவத்திலேயே செத்துவிடும். மூடி வைத்த பேரலில் பூசண வாடை பிடித்துவிட்டால், ஒரு ராத்திரி பெர்கார்பனேட் ஊறல் கொடுத்து, இரண்டு நாள் திறந்து காயவைத்து, மறுபடி முகர்ந்து பாருங்கள். வாடை இன்னும் இருந்தால் அந்தப் பேரலைப் பியருக்கு எடுக்காதீர்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்ளலாம்.