“கொழுப்புக் கட்டிதான்” என்று சொல்லி எடுத்த கட்டி

தொடையிலோ கையிலோ முதுகிலோ ஆழத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, “ஒன்றுமில்லை, அரை மணி நேர வேலை, எடுத்துவிடலாம்” என்று ஒரு மருத்துவர் சொன்னால், தேதி வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் அக்காவிடம் அப்படித்தான் சொன்னார்கள்.

வலது தொடையின் உட்புறத்தில் இருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, எடையும் குறையவில்லை. வலிக்கவில்லை என்பதையே நல்ல சேதியாக எடுத்துக்கொண்டோம், நானும்தான். தசை, கொழுப்பு போன்ற மென்திசுவில் வரும் புற்றுநோய், அதாவது சார்கோமா, பல நேரம் வலியே இல்லாமல் வளரும் என்பது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. எட்டு மாதத்தில் பெருவிரல் நுனி அளவிலிருந்து கைமுட்டி அளவுக்கு வந்துவிட்டது. மருத்துவர் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். காலை இறுக்கச் சொல்லியாவது பார்த்திருக்கலாம். தசையை இறுக்கும்போது கட்டி அசையாமல் நின்றுவிட்டால் அது ஆழத்தில் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. சீட்டில் ‘லைபோமா’ என்று எழுதினார். எம்.ஆர்.ஐ. வேண்டாமா என்று அக்கா கேட்டாள். “கொழுப்புக் கட்டிக்கு எதற்கம்மா ஸ்கேன்?” என்று சிரித்தார்.

அவர் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மென்திசுவில் வரும் கட்டிகளில் சாதாரணக் கட்டி நூறு வந்தால் புற்றுக்கட்டி ஒன்று வரும், அவ்வளவுதான். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களிலேயே இது ஒரு சதவீதம் அளவுக்குத்தான். பொது அறுவை மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் பார்க்காமலே இருக்கலாம். அதனால்தான் விதி ஒன்று வைத்திருக்கிறார்கள்: கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருந்தால், வளர்ந்துகொண்டே இருந்தால், தசை உறைக்கு அடியில் இருந்தால், எடுத்தபின் திரும்பி வந்தால், முதலில் ஸ்கேன், பிறகு ஊசி பயாப்ஸி (ஊசியால் துளி திசு எடுத்துச் சோதிப்பது), அதற்கப்புறம்தான் கத்தி. இந்த நான்கில் மூன்று அக்காவுக்கு இருந்தன.

கட்டி எடுத்து பன்னிரண்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. “சார்கோமா, கிரேடு 3. மாதிரி துண்டு துண்டாகப் பெறப்பட்டது. விளிம்புகளை மதிப்பிட இயலவில்லை.” அந்த மூன்றாவது வாக்கியத்தின் பொருள் என்ன என்று கேட்டோம். “அதெல்லாம் ஒன்றுமில்லை, நான் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டேன்” என்றார். சுரண்டி எடுத்தேன் என்பதுதான் குற்ற ஒப்புதல் என்று எங்களுக்கு அப்போது புரியவில்லை. சார்கோமாவைச் சுற்றி நல்ல திசுவும் ஓர் உறைபோல ஒட்டியிருக்க, உடையாமல் ஒரே துண்டாக வெளியே எடுக்க வேண்டும். அந்தத் துண்டின் ஓரம்தான் விளிம்பு, அதில் புற்றுச் செல் இல்லாவிட்டால்தான் சுத்தம். கட்டியை உடைத்து எடுத்தால் செல்கள் காயமெங்கும் சிந்தும். போதாததற்கு, “திரும்ப வந்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று வேறு பயமுறுத்தினார். அந்தப் பேச்சு 1982க்கு முந்தைய பேச்சு. அந்த ஆண்டு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 43 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு வெளியானது. காலையோ கையையோ எடுத்தவர்களுக்கும், உறுப்பைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களுக்கும் உயிர்வாழ்வில் வித்தியாசம் தெரியவில்லை.

சார்கோமாவையே பார்க்கும் ஒரு குழுவிடம் போனோம். அங்கிருந்த அறுவை மருத்துவர் முதலில் ரிப்போர்ட்டைத் தொடவே இல்லை. தாளில் செய்த அளவுகோல் ஒன்றை எடுத்துத் தழும்பின் மேல் வைத்தார். ஒன்பது செ.மீ., தொடைக்குக் குறுக்கே. பிறகு தழும்பிலிருந்து கீழே, காயத்தில் சேரும் நீரை வெளியேற்ற வைத்த வடிகுழாய் வெளியே வந்த சின்னத் துளை வரை அளந்தார். ஆறு செ.மீ. பேனாவால் இரண்டையும் சேர்த்து ஒரு கோடு வரைந்தார். வரைந்து முடித்தபோது தொடையின் உட்புறத்தில் பாதி அந்தக் கோட்டுக்குள் இருந்தது. “கத்தி போன இடம், குழாய் போன வழி, ரத்தம் கட்டிய இடம் எல்லாமே இப்போது கட்டியின் இடம்தான். கீறல் நீளவாக்கில் இருந்து, குழாயும் அதே கோட்டில் வந்திருந்தால் இதில் பாதி போதும்” என்றார். அக்கா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிழைப்பது எதைப் பொறுத்தது என்று அவரிடம்தான் கேட்டேன். சிலவற்றை யாராலும் மாற்ற முடியாது என்றார். முதலில் கிரேடு: செல்கள் இயல்பான திசுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன, எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன, கட்டிக்குள் எவ்வளவு செத்துப்போயிருக்கிறது என்ற மூன்றையும் கூட்டிப் போடும் மதிப்பெண் அது, 3 தான் உச்சம். அடுத்து எந்த வகை என்பது. ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் குணமும் வேறு. வயதும் இடமும் உண்டு. வயிற்றின் பின்புறத்தில் வருவது கை கால்களில் வருவதைவிடக் கடினம். மற்றவை மனிதர்கள் கையில் இருப்பவை: கட்டி எந்த அளவில் கண்டுபிடிக்கப்படுகிறது, நுரையீரலுக்குப் பரவும் முன்பா பின்பா, முதல் அறுவையில் விளிம்பு சுத்தமா, யார் கையில் சிகிச்சை. பிரான்சில் 35,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வில், சார்கோமாவுக்கான சிறப்பு மையங்களில் அறுவை செய்துகொண்டவர்கள் அதிகம் பிழைத்திருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்த முதல் மருத்துவர் வீணாக்கியது இந்த இரண்டாம் பட்டியலை.

கோபத்தில் மிகைப்படுத்தக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன். தவறாகத் தொட்ட கட்டியை உடனே முறையாகத் திரும்ப அறுத்து எடுத்தால், பிழைக்கும் வாய்ப்பு கைவிட்டுப் போய்விடாது என்று அதே மருத்துவர் சொன்னார். வெட்டு பெரிதாகும், சதை அதிகம் போகும். அதனால் ஏற்கெனவே இப்படி நடந்துவிட்டவர்கள் ‘சுத்தமாக எடுத்தாயிற்று’ என்று சும்மா இருந்துவிட வேண்டாம்.

மெழுகுக் கட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். புதிய குழு அதைக் கேட்டது. பழைய மருத்துவமனை, “ரிப்போர்ட் கொடுத்தாயிற்றே, கட்டை எதற்கு?” என்று மூன்று முறை அலையவிட்டது. எழுத்தில் கேட்டதும் கொடுத்தார்கள். இரண்டாம் நோயியல் நிபுணர் பார்த்து, எஸ்எஸ்18 என்ற மரபணுவையும் சோதித்து, இது சைனோவியல் சார்கோமா என்றார். வெறும் ‘சார்கோமா’ என்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு: இந்த வகை நிணநீர் முடிச்சுகளுக்கும் போகலாம், கீமோவுக்கும் ஓரளவு கேட்கும். பிரான்சில் நடந்த இன்னோர் ஆய்வில் முதல் ரிப்போர்ட்டுகளில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இரண்டாம் பார்வையில் மாறியிருந்தன. கட்டைகளைக் கேளுங்கள், கெஞ்ச வேண்டியதில்லை.

முதலில் கதிர்வீச்சு, ஐந்து வாரம், மொத்தம் 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). பிறகு அறுவை. கதிர்வீச்சை முன்னால் கொடுத்தால் புண் ஆறுவதில் தொல்லை அதிகம் (ஓர் ஆய்வில் 35 சதவீதம், பின்னால் கொடுத்தவர்களுக்கு 17) என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். அப்படியே ஆனது. வெட்டிய இடத்தை மூடத் தொடையில் வைத்த சதைப் பட்டையின் ஒரு மூலை இரண்டு மாதம் ஆறாமல் கசிந்தது. ஆனால் யாரும் எங்களிடம் மறைக்கவில்லை. அதனாலேயே தாங்கிக்கொள்ள முடிந்தது.

புதிய ரிப்போர்ட்டில் விளிம்பு சுத்தம். வெட்டி எடுத்த திசுவில் இரண்டு இடத்தில் கட்டி மிச்சம் இருந்தது. ஒன்று, அந்த வடிகுழாய் போன வழியில்.

நடுராத்திரியில் கைப்பேசியில் புள்ளிவிவரம் தேட வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன், கேட்கவில்லை. அமெரிக்கக் கணக்குப்படி, வந்த இடத்திலேயே நிற்கும்போது கண்டுபிடிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் அளவுக்கு ஐந்தாண்டு தாண்டுகிறார்கள். பரவிய பிறகு என்றால் பதினைந்து பேர் அளவுக்குத்தான். ஐம்பது வகைகளையும் ஒரே சாக்கில் கொட்டிப் போட்ட கணக்கு அது. அக்காவின் நுரையீரலில் இதுவரை ஒன்றுமில்லை. கிரேடு அதிகமான கட்டி திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுக்குள் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சு ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள்.

அந்தத் தாளை அக்கா கோப்பில் இரண்டாவதாக வைத்திருக்கிறாள். முதலில் இருப்பது பழைய மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டு: “லைபோமா அகற்றப்பட்டது. மறுபரிசோதனை தேவையில்லை.”